உப்புக்காற்று தின்னும் ஜன்னல்கள்... பழவேற்காட்டுப் பழைய வீடுகள் சொல்லும் பெயின்ட் பாடம்!

பழவேற்காட்டின் பழைய தெருக்களில் நடக்கும்போது, ஏதாவது ஒரு வீட்டு ஜன்னல் கம்பியைச் சும்மா பிடித்துப் பாருங்கள். கையை எடுத்தால் உள்ளங்கையில் செம்பழுப்பாக ஒரு கோடு ஒட்டியிருக்கும். மேலே பெயின்ட் பளபளப்பாக இருக்கிற ஜன்னலில்கூட, கம்பி மரச்சட்டத்துக்குள் நுழைகிற அடிப்பக்கத்தை விரலால் தட்டினால் பொருக்குப் பொருக்காக உதிரும்.

சென்னைக்கு வடக்கே சுமார் 55 கிலோமீட்டர் தூரத்தில், திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் இருக்கிறது பழவேற்காடு. ஒரு பக்கம் ஏரி, இன்னொரு பக்கம் வங்கக் கடல். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இதுதான். பூநாரை பார்க்க வருகிறவர்கள், இறாலும் நண்டும் வாங்க வருகிறவர்கள், டச்சுக்காரர்களின் கல்லறையைப் படம் எடுக்க வருகிறவர்கள் என வார இறுதியில் கூட்டம் இருக்கும். ஆனால் இந்த ஊரில் இன்னொரு விஷயமும் பார்க்கக் கிடைக்கிறது. வருஷம் முழுக்க உப்போடு மல்லுக்கட்டும் வீடுகள்.

இங்கே பெயின்ட் அடிப்பது அழகுக்காக மட்டும் செய்கிற வேலை இல்லை. அதை விட்டுவிட்டால் கம்பி போகும், பிறகு கதவு, கடைசியில் வீடே போகும்.

உப்பு வீட்டுக்குள் எப்படி வருகிறது?

கடலில் அலை உடையும்போது கண்ணுக்குத் தெரியாத துளிகள் காற்றில் ஏறுகின்றன. தண்ணீர் ஆவியானதும் உப்பு மட்டும் காற்றோடு வந்து ஜன்னலிலும் கதவுத் தாழ்ப்பாளிலும் மின்விசிறி இறக்கையிலும் படிகிறது. பழவேற்காட்டில் இதோடு ஏரியும் சேர்கிறது. மழைக்காலத்தில் ஆரணி ஆற்று வெள்ளம் வரும்போது ஏரியின் உப்பு குறையும். கோடையில் முகத்துவாரம் மண்மேடிட்டு, தண்ணீரும் வற்றினால், ஏரி கடலைவிடக் கரித்துப்போவதும் உண்டு.

உப்பு படிந்தால் மட்டும் இரும்பு உடனே துருப்பிடித்துவிடாது. அதற்குத் தண்ணீரும் வேண்டும். சிக்கல் என்னவென்றால், அந்தத் தண்ணீரை உப்பே வரவழைத்துக்கொள்ளும். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவிகிதத்தைத் தாண்டினால், சாதாரண உப்பு காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சித் தானே கரைந்துவிடும். மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடியில் உப்பு கசிவதைப் பார்த்திருப்பீர்கள். அதேதான் ஜன்னல் கம்பியிலும் நடக்கிறது. கடலோரத்தில் பெரும்பாலான இரவுகளில் ஈரப்பதம் இந்த அளவைத் தாண்டிவிடும். அதனால் மழையே பெய்யாத மாதத்திலும் கம்பியின் மேல் மெல்லிய உப்புத்தண்ணீர்ப் படலம் ஒன்று இருந்துகொண்டே இருக்கும்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. மழையில் நன்றாக நனையும் கம்பியைவிட, சன்ஷேடுக்கு அடியில் மழை படாமல் இருக்கும் கம்பிதான் சீக்கிரம் துருப்பிடிக்கும். வெளியே இருப்பதை மழை கழுவிவிடுகிறது. உள்ளே ஒதுங்கி இருப்பதில் உப்பு நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகிறது. அடுத்த முறை கடற்கரை ஊருக்குப் போனால் கவனியுங்கள். ஜன்னல் கிரில்லின் மேல் பகுதியும் சுவரை ஒட்டிய உள்பக்கமும்தான் முதலில் இற்றுப்போயிருக்கும்.

சுண்ணாம்பு நிலைத்த ஊர்

பழவேற்காட்டுக்கு வருகிறவர்கள் தவறாமல் போவது டச்சுக் கல்லறைக்கு. டச்சுக் கிழக்கிந்திய கம்பெனி 1613-ல் இங்கே ஜெல்டிரியா கோட்டையைக் கட்டியது. 1690-ல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை, சோழமண்டலக் கரையில் டச்சு வணிகத்தின் தலைநகரம் பழவேற்காடுதான். அந்தக் கோட்டை இன்று புதர் மண்டிய மேடாகவும் அகழியாகவும் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. ஆனால், நுழைவாயிலின் இரண்டு பக்கமும் எலும்புக்கூடு உருவங்கள் நிற்கும் கல்லறைத் தோட்டம் இன்னும் இருக்கிறது. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது.

அங்கே எழுத்துப் பொறித்த கருங்கல் பலகைகளைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். கூம்பும் குவிமாடமுமாக நிற்கும் சமாதிகளின் பூச்சையும் பாருங்கள். செங்கல்லும் சுண்ணாம்பும்தான். முந்நூறு வருஷத்துக்கும் மேலாக இதே உப்புக்காற்றில் நிற்கின்றன. ஒழுங்காகப் பராமரித்தால் சுண்ணாம்பு இந்த ஊரில் தாக்குப்பிடிக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அந்தச் சுண்ணாம்புக்கு வெளியூர் போகவேண்டிய தேவையும் இருக்கவில்லை. ஏரியில் கிளிஞ்சல் கொட்டிக்கிடந்தது. கிளிஞ்சலைச் சூளையில் சுட்டால் சுண்ணாம்பு. அதைத் தண்ணீரில் நீற்றி, மணலோடு அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் பனைவெல்லமும் சேர்த்துப் பூசுவது தமிழ்நாட்டுக் கொத்தனார்களின் பழைய வழக்கம். பூசிய சுண்ணாம்பு காற்றில் இருக்கும் கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து மறுபடியும் கல்லாக மாறும். கிளிஞ்சல் சுவராகி, சுவர் மறுபடியும் கிளிஞ்சலாகிவிடுகிறது என்றுகூடச் சொல்லலாம்.

ஊருக்குள் இன்னும் மிச்சமிருக்கும் பழைய வீடுகள் இந்த வகைதான். திண்ணை, தடித்த சுவர், சுண்ணாம்புத் தூண், மரத்தூலத்தின் மேல் செங்கல் பாவிய மெட்ராஸ் டெரஸ், வேலைப்பாடுள்ள தேக்குக் கதவு, நீளமான கம்பிகள் வைத்த ஜன்னல். இஸ்லாமியக் குடும்பங்களின் பழைய வீடுகள் பலவும் இப்படிக் கட்டப்பட்டவையே. கட்டடக் கலைஞர் சேவியர் பெனடிக்ட்டின் ஆர்டே அறக்கட்டளை போன்ற அமைப்புகள் பழவேற்காட்டின் பழைய கட்டடங்களைக் காப்பாற்ற வேண்டும் என்று பல வருஷங்களாகப் பேசிவருகின்றன. ஆனாலும் வீடுகள் குறைந்துகொண்டுதான் போகின்றன. வேலைக்காகவும் படிப்புக்காகவும் குடும்பம் சென்னைக்குப் போய்விட்டால் வீடு பூட்டிக் கிடக்கும். பூட்டிய வீட்டில் ஜன்னலைத் துடைக்க ஆள் கிடையாது. ஆள் இருக்கும் வீடும் ஆள் இல்லாத வீடும் அடுத்தடுத்து இருந்தால், எது எது என்று தெருவில் நின்றபடியே சொல்லிவிடலாம். ஜன்னல் கம்பியைப் பார்த்தால் போதும்.

பழைய சுவருக்கு எனாமல் ஆகாது

பழைய வீட்டைப் புதுசாக்கும் ஆசையில் பலரும் செய்யும் தவறு, சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமென்ட் பூசுவது. அல்லது பளபளப்பான எனாமல், கழுவக்கூடிய பெயின்ட் என்று ஏதாவது ஒன்றை அடிப்பது. முதல் வருஷம் அழகாக இருக்கும். இரண்டாவது வருஷம் தரையிலிருந்து இரண்டு, மூன்று அடி உயரத்துக்குப் பெயின்ட் கொப்பளிக்கும். மூன்றாவது வருஷம் பாளம் பாளமாக விழும்.

காரணம், ஓதம். தரையில் இருக்கும் உப்புத்தண்ணீர் சுவரில் ஏறுகிறது. சுண்ணாம்புப் பூச்சில் நுண்ணிய துளைகள் உண்டு. அவற்றின் வழியே தண்ணீர் வெளியே ஆவியாகிவிடும். உப்பு மட்டும் வெள்ளையாகச் சுவர்மேல் பூக்கும், துடைப்பத்தால் தட்டிவிடலாம். அந்தத் துளைகளைப் பெயின்ட் அடைத்துவிட்டால், உப்பு பெயின்ட்டுக்குப் பின்னாலேயே படிகமாகித் தள்ளுகிறது. பெயின்ட்டும் அதோடு பூச்சும் பெயர்ந்து வந்துவிடும்.

பழைய சுவருக்கு ஏற்றது பழைய வெள்ளையடிப்புதான். செய்யும் முறை இது.

* கொப்பளித்த பெயின்ட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, சுவரை ஒரு கோடை முழுக்கக் காயவிடுங்கள். பூத்த உப்பை ஈரம் படாமல் உலர்ந்த துடைப்பத்தால் தட்டி, அள்ளி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றினால் உப்பு மறுபடியும் சுவருக்குள்ளேயே போய்விடும்.
* பெயர்ந்த இடத்தைச் சுண்ணாம்புக் காரையாலேயே ஒட்டுப்போடுங்கள். சிமென்ட் வேண்டாம்.
* நீற்றிய சுண்ணாம்பை மெல்லிய துணியில் வடிகட்டி, பால் பதத்துக்குக் கரைத்துக்கொள்ளுங்கள். வெண்மை எடுப்பாகத் தெரியக் கொஞ்சம் நீலம் சேர்ப்பது வழக்கம்.
* அடிப்பதற்கு முன் சுவர்மேல் நல்ல தண்ணீரை லேசாகத் தெளியுங்கள். காய்ந்த சுவரில் அடித்தால் சுண்ணாம்பு கையோடு ஒட்டி வரும்.
* தடிமனாக ஒரு கோட் அடிப்பதைவிட மெல்லியதாக மூன்று கோட் நல்லது.

சுண்ணாம்பு நீற்றும்போது கொதிக்கும், தெறிக்கும். குழந்தைகளை அருகில் விடாதீர்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். கண்ணில் பட்டால் நிறைய நல்ல தண்ணீரால் தொடர்ந்து கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போகவேண்டும்.

கம்பிக்கு முதல் மருந்து நல்ல தண்ணீர்!

சுவரை விடக் கம்பிக்குத்தான் வேலை அதிகம். துருப்பிடித்த கம்பியைப் பார்த்ததும் கடைக்குப் போய் ஒரு டப்பா பெயின்ட் வாங்கிவந்து அப்படியே மேலே அடிப்பது நம் எல்லோருக்கும் பழக்கம். கடலோரத்தில் இது பணத்தை ஏரியில் போடுவதற்குச் சமம். துருவின் குழிகளுக்குள் உப்பு ஒளிந்திருக்கும். அதை மூடிப் பெயின்ட் அடித்தால், உப்பு உள்ளேயே ஈரத்தை இழுத்துத் தன் வேலையைத் தொடரும். ஆறு மாதத்தில் பெயின்ட் குமிழ் விடும்.

சரியான வரிசை இது.

* முதலில் கழுவுங்கள். சோப்புத் தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர். சுரண்டுவதற்கு முன்பே உப்பைக் கழுவிவிடவேண்டும். இல்லாவிட்டால் சுரண்டும்போது உப்பைக் கம்பியிலேயே தேய்த்து ஏற்றுவதாகிவிடும்.
* காய்ந்ததும் சுரண்டியால் பொருக்குகளை எடுங்கள். பிறகு கம்பி பிரஷ். கடைசியில் உப்புத்தாள். பழைய பெயின்ட் உறுதியாகப் பிடித்திருக்கும் இடத்தில் அதை முழுக்க எடுக்கவேண்டியதில்லை. விளிம்பை மட்டும் தேய்த்துச் சமமாக்கினால் போதும்.
* மறுபடியும் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவி உடனே துணியால் துடையுங்கள். குழிக்குள் இருந்த உப்பு இப்போதுதான் வெளியே வரும். பலர் தவறவிடும் படி இது.
* நன்றாகக் காய்ந்ததும் அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள். தேய்த்த இரும்பை ஒரு ராத்திரி வெறுமனே விட்டால், காலையில் மஞ்சள் பூத்திருக்கும். சாதாரண ரெட் ஆக்சைடு பிரைமரைவிட, துத்தநாகம் கலந்த பிரைமர் கடலோரத்தில் நின்று உழைக்கும். கடையில் ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் என்று கேளுங்கள்.
* மூலைகள், வெல்டிங் வைத்த இடங்கள், கம்பி சட்டத்துக்குள் நுழையும் ஓரங்கள் ஆகியவற்றில் முதலில் சின்ன பிரஷால் அடியுங்கள். துரு ஆரம்பிப்பது எப்போதும் அங்கேதான்.
* அதன் மேல் எனாமல் இரண்டு கோட், மெல்லியதாக. ஒரு கோட் முழுக்கக் காய்ந்த பிறகு அடுத்தது.

நேரமும் முக்கியம். விடியற்காலைப் பனி ஈரம் கம்பியில் இருக்கும். பிற்பகலில் கடற்காற்று உப்போடு வரும். இரண்டுக்கும் நடுவே, வெயில் ஏறிய முற்பகல்தான் பிரஷைத் தொடவேண்டிய நேரம்.

இங்கேதான் பழவேற்காட்டின் உண்மையான கஷ்டம் தெரிகிறது. உப்புக்கு மருந்து நல்ல தண்ணீர். அந்த நல்ல தண்ணீர்தான் இந்த ஊரில் அருமை. கண்ணுக்கெட்டிய தூரம் வரை தண்ணீர் தெரியும், வாயில் வைக்க முடியாது. குடத்து நீரின் மதிப்புத் தெரிந்த வீட்டில், ஜன்னலைக் கழுவ இரண்டு வாளி நல்ல தண்ணீர் கேட்பது எளிதல்ல. சில பேர் உவர்நீரிலேயே கழுவிவிடுவதும், கழுவாமலே பெயின்ட் அடிப்பதும் சோம்பலால் அல்ல.

படகும் கதவும்

நகரத்துக்காரர்கள் வீட்டில் கற்கவேண்டியதை மீனவர்கள் படகில் எப்போதோ கற்றுவிட்டார்கள். லைட்ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம் பக்கம் போனால் கரையில் கவிழ்த்துவைத்த படகுகளைப் பார்க்கலாம். இன்று பெரும்பாலும் ஃபைபர் படகுகள்தான். ஃபைபர் துருப்பிடிக்காது. ஆனால் இன்ஜினும் அதைப் பிடித்திருக்கும் போல்ட்டும் நங்கூரமும் துருப்பிடிக்கும். கடலிலிருந்து வந்த இன்ஜினை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் தடவி வைத்தால்தான் அடுத்த நாள் தொழிலுக்கு ஒத்துழைக்கும். கழுவு, காயவை, பூசு. ஜன்னல் கம்பிக்குச் சொன்ன அதே மூன்று வேலைகள்.

மரப்படகுக் காலத்தில் வேறு வைத்தியம் இருந்தது. சுறா எண்ணெயையும் முந்திரிக் கொட்டை எண்ணெயையும் பலகையில் ஏற்றுவார்கள். எண்ணெய் மரத்துக்குள் இறங்கிவிடுவதால் தண்ணீர் இறங்க இடம் இருக்காது, புழுவும் சீக்கிரம் துளைக்காது. வீட்டுத் தேக்குக் கதவுக்கும் இதே தத்துவம் பொருந்தும், எண்ணெய் மட்டும் வேறு. ஆளிவிதை எண்ணெயைச் சூடான வெயில் நாளில் துணியால் தேய்த்து ஏற்றி, மிச்சத்தைத் துடைத்துவிடவேண்டும். வேலைப்பாடுள்ள கதவுக்கு மேல் எனாமலை வருஷா வருஷம் அப்பினால், பூவும் கொடியும் பெயின்ட்டுக்குள் புதைந்துவிடும். அப்படிப் புதைந்த கதவுகள் தமிழ்நாட்டின் எல்லாப் பழைய தெருக்களிலும் இருக்கின்றன. எண்ணெய் தேய்த்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடாகும். சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கவும் கூடும். விரித்துக் காயப்போட்டு அப்புறப்படுத்துங்கள்.

காங்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்பு

பழைய வீட்டை இடித்துவிட்டுக் காங்கிரீட் வீடு கட்டினால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரை முழுக்கக் காங்கிரீட் வீடுகள் எழுந்தன. குடிசைக்குத் திரும்பிப் போக யாரும் விரும்பமாட்டார்கள், அது நியாயம். ஆனால் காங்கிரீட்டுக்குள் இருப்பதும் இரும்புக் கம்பிதான்.

உப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் காங்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் தொடும். துருப்பிடித்த இரும்பு, முன்பு இருந்ததைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். உள்ளே இடம் இல்லாததால் காங்கிரீட்டைப் பிளக்கும். முதலில் கம்பி போகும் வழியிலேயே நேர்க்கோட்டில் விரிசல், பிறகு பழுப்புக் கறை, கடைசியில் காரை பெயர்ந்து தலையில் விழும்.

கட்டும்போது செய்யும் தவறு இதை இன்னும் விரைவுபடுத்தும். கம்பி வைத்த காங்கிரீட் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது 2000-ம் ஆண்டின் இந்தியத் தர விதி. கடல்நீரில் இருப்பது சுமார் 19,000 மில்லிகிராம்! உவர்நீரில் கலந்து, கழுவாத கடல்மணலில் கட்டினால், உப்பு வெளியிலிருந்து வரவேண்டியதில்லை. முதல் நாளே உள்ளே குடியேறிவிடும்.

கூரையில் அந்த நேர்க்கோட்டு விரிசலைப் பார்த்தால் அதன்மேல் பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து மறைக்காதீர்கள். ஒரு பொறியாளரைக் காட்டுங்கள். தளர்ந்த காரையை எடுத்து, கம்பியைச் சுத்தம் செய்து, பூச்சுக்கொடுத்து, அதற்கான கலவையால் அடைக்கவேண்டும். விரிசலாக இருக்கும்போது சின்ன வேலை. காரை விழ ஆரம்பித்த பிறகு பெரிய செலவு.

பாம்பன் முதல் பாரிஸ் வரை

உப்புக்காற்றோடு நடக்கும் இந்தப் போட்டி பழவேற்காட்டில் மட்டும் நடப்பதல்ல. 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலம், நூறு வருஷத்துக்கும் மேலாகச் சுரண்டலும் பெயின்ட்டுமாகவே காப்பாற்றப்பட்டது. 2022 டிசம்பரில் ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும், கடலோரத்துக்கென்றே உள்ள பாலிசிலாக்சேன் பூச்சும் பயன்படுத்தப்பட்டிருக்கின்றன. கடலே இல்லாத பாரிஸில் ஈஃபிள் கோபுரத்துக்கும் சுமார் 7 வருஷத்துக்கு ஒருமுறை 60 டன் பெயின்ட் தேவைப்படுகிறது.

பழவேற்காட்டில் கோட்டை கட்டியவர்களின் ஊரான நெதர்லாந்திலும், நம் பிள்ளைகள் குடியிருக்கும் லண்டனிலும் டொராண்டோவிலும், பழைய வீடுகளில் ஜன்னலோரம் ஒரு வார்ப்பிரும்புச் சாதனம் நிற்கும். பெயர் ரேடியேட்டர். உள்ளே வெந்நீரோ நீராவியோ ஓடி அறையைச் சூடாக்கும். அதற்குப் பெயின்ட் அடிக்கும் முறையும் ஜன்னல் கம்பிக்கு மூத்த அண்ணன்தான். சூட்டை நிறுத்தி முழுக்க ஆறவிடவேண்டும். இடுக்குகளில் தூசி எடுத்து, கழுவி, துருவைத் தேய்த்து, இரும்புக்கான பிரைமர் அடித்து, சூடு தாங்கும் பெயின்ட்டை மெல்லியதாக இரண்டு கோட் கொடுக்கவேண்டும். வருஷா வருஷம் கோட் மேல் கோட் ஏற்றினால் வார்ப்பில் இருக்கும் வேலைப்பாடு மறைந்துபோகும். அங்கேயும் கதை, தேக்குக் கதவின் கதைதான்.

பழைய பெயின்ட்டில் ஓர் ஆபத்து

சுரண்டுவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. பழைய எனாமல் பெயின்ட்டுகளில் ஈயம் அதிகம் இருந்திருக்கலாம். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம் அளவைத் தாண்டக்கூடாது என்ற மத்திய அரசின் விதி 2016-ல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயின்ட்டை உலர்ந்த நிலையில் தேய்த்தால், அந்தத் தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

ஆகவே தண்ணீர் தெளித்து, ஈரமாக வைத்தே தேயுங்கள். நல்ல முகக்கவசம் போடுங்கள். கீழே பழைய பிளாஸ்டிக் தாள் விரித்து, தூளை அப்படியே சுருட்டி எடுங்கள். ஏரிக்கரையில் கொட்டாதீர்கள். வேலை முடியும் வரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த அறைக்கு வரவேண்டாம். நெருப்பு காட்டிப் பெயின்ட்டை உரிக்கவே கூடாது.

மழை கொடுக்கும் விடை

நல்ல தண்ணீர் இல்லாத ஊரில் நல்ல தண்ணீரால் எப்படிக் கழுவுவது? இதற்கு விடையை வருஷா வருஷம் வானமே கொடுக்கிறது.

பழவேற்காட்டுக்கு மழை தருவது வடகிழக்குப் பருவக்காற்று. ஐப்பசி, கார்த்திகை முழுக்கக் கொட்டும். மாடியில் விழும் மழைநீரைப் போல உப்பில்லாத தண்ணீர் இந்த ஊரில் வேறு கிடையாது. தமிழ்நாட்டில் 2003-லிருந்தே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். குழாய் வழியே அது மண்ணுக்குள் போவது நல்லதுதான். அதற்கு முன், மூடியுள்ள டிரம் இரண்டில் மட்டும் பிடித்து வைத்துக்கொண்டால் போதும். கொசு வராமல் இறுக மூடிவைக்கவேண்டும்.

மழை நின்றதும் வருவது பொங்கல். வீட்டுக்கு வெள்ளையடிக்கும் காலம். இந்த வழக்கத்தில் அனுபவம் இருக்கிறது. மழையில் ஊறிய சுவர் தையில் லேசான ஈரத்தோடு இருக்கும். எனாமலுக்கு அது ஆகாது, சுண்ணாம்புக்கு அதுதான் தோது. எனவே பொங்கலுக்குச் சுவரை வெள்ளையடியுங்கள். டிரம்மில் இருக்கும் மழைநீரை வைத்து, மாசி வெயிலில் சுவரும் சட்டமும் காய்ந்த பிறகு ஜன்னல் கம்பியைக் கழுவிப் பெயின்ட் அடியுங்கள்.

மீதி மாதங்களில் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று. பதினைந்து நாளுக்கு ஒருமுறை, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கம்பிகளைத் துடைப்பது. ஒரு ஜன்னலுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் போதும். புதிதாகத் துரு தெரிந்த இடத்தில் மட்டும் உப்புத்தாள், பிரைமர், ஒரு தொடல் பெயின்ட். முழு ஜன்னலும் இற்றுப்போகும் வரை காத்திருக்கவேண்டாம்.

பூட்டிக் கிடக்கும் வீட்டுக்காரர்கள் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து, மாதம் இரண்டு முறை ஜன்னலைத் திறந்து துடைக்கச் சொல்லி, அதற்கு ஒரு தொகையும் கொடுக்கலாம். வீடு இடிந்த பிறகு வரும் ஏக்கத்தைவிட அது மலிவு.

போகிறவர்களுக்கு

பொன்னேரி வரை மின்சார ரயில் உண்டு. அங்கிருந்து பழவேற்காட்டுக்குப் பேருந்து. குளிர்காலக் காலைப்பொழுதில் போனால் பூநாரைகளையும் பார்க்கலாம். டச்சுக் கல்லறை, பள்ளிவாசல் தெருக்கள், பாலத்துக்கு அந்தப் பக்கம் லைட்ஹவுஸ் குப்பம் என ஒரு நாளில் நடந்தே சுற்றிவிடலாம். வீடுகளைப் படம் எடுக்கும் முன் வீட்டுக்காரர்களிடம் கேளுங்கள். ஏரியில் அனுமதியில்லாத படகுச் சவாரி வேண்டாம். 2011 கிறிஸ்துமஸ் நாளில் இந்த ஏரியில் படகு கவிழ்ந்து சுற்றுலா வந்த பலர் இறந்ததை ஊர் இன்னும் மறக்கவில்லை. குடிக்கத் தண்ணீரைக் கையோடு கொண்டு போங்கள். அந்த ஊர்க் குடத்தில் கைவைக்காமல் இருப்பதும் ஒரு மரியாதைதான்.

திரும்பும்போது மறக்காமல் இன்னொரு முறை ஒரு ஜன்னல் கம்பியைத் தொட்டுப் பாருங்கள். கையில் எதுவும் ஒட்டவில்லை என்றால், அந்த வீட்டில் யாரோ ஒருவர் குடத்திலிருந்து ஒரு சொம்புத் தண்ணீரை ஜன்னலுக்காக எடுத்துவைக்கிறார் என்று அர்த்தம்.